ஹபீலாவுக்குப் புதிதாக ஒன்றுமில்லை

எங்கள் இல்லத்தில் கஞ்சி எப்போதும் இளஞ்சூடாகத்தான் இருக்கும், ஐயா. பிள்ளைகளின் வாய் வெந்துவிடக் கூடாதென்று நானே விரலை விட்டுப் பார்ப்பேன். மந்தபுத்திப் பிள்ளைகளுக்கென்று குண்டசாலையில் இந்த வீட்டைத் திறந்து ஐந்து வருடம். யசோதா மேட்ரன் என்றால் சுத்தம், அமைதி. விசாரிக்க வந்த நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஹபீலாவுக்குப் பன்னிரண்டு வயது. நாலைந்து சொல்தான் பேசுவாள். கஞ்சிக் கிடாரத்தைக் கண்டால் கைதட்டுவாள். எல்லோருடைய கோப்பைகளையும் அவளே வரிசையாக வைப்பாள். ஆடி மாதம் அது நின்றது. காதைப் பொத்திக்கொண்டாள். சுவர் மூலையைப் பார்த்து "வேணாம், வேணாம்" என்றாள். கோப்பையை முகர்ந்துவிட்டுக் கொட்டினாள்.

எங்கள் ஆயா அன்னலட்சுமி தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துக்காரி. வாய் கொஞ்சம் நீளம்.

"அம்மா, இது மந்தம் இல்லீங்க. முந்தி இப்படியா இருந்துச்சு? யாரோ பேசுற மாதிரி அதுக்குக் கேக்குது. கஞ்சியில என்னமோ கலந்திருக்குன்னு நடுங்குது. டொக்டர் ஐயாகிட்ட சொல்லுங்க."

"நீ எப்ப டொக்டருக்குப் படிச்ச?"

"படிக்கலீங்க. கண்ணு இருக்கு. உங்களுக்கும்தான் இருக்கு."

மாதம் ஒருமுறை கண்டியிலிருந்து வரும் டொக்டர் ஒரே கேள்விதான் கேட்பார்: யாருக்காவது புதிதாக ஏதும் உண்டா? இல்லை என்றேன். உண்டு என்றால் கொழும்புக்கு, பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இல்லத்தின் பெயர் என்னாவது? அவர் வண்டியின் பின்னால் ஓடிய அன்னலட்சுமியை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினேன். வாசலில் நின்று கத்தினாள்: "பேசத் தெரிஞ்ச புள்ளைன்னா இப்படிச் செய்வீங்களா?"

பிறகு நாலு நாள் ஹபீலா எதையும் தொடவில்லை. பட்டினி கிடக்க விடலாமா? கதிரையில் உட்காரவைத்து, சேலைத் துண்டால் கட்டி, மூக்கைப் பிடித்து, வாயில் ஊற்றினேன். இருமினாள். அடம் என்று நினைத்து ஊற்றினேன். இல்லை, நீங்கள் எழுதியதில் அதை வெட்டிவிடுங்கள். பயம் என்று தெரிந்தேதான் ஊற்றினேன். ஆடி மாதமே எனக்குத் தெரியும். கோப்பை காலியானபோது மூச்சும் நின்றிருந்தது.

கஞ்சி இளஞ்சூடாகத்தான் இருந்தது, ஐயா.

மற்ற இருபத்தொரு பிள்ளைகளும் சுகம். பக்கத்தில் இருந்து பார்த்த றம்ஸியா மட்டும் அன்றிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு, கோப்பையை முகர்ந்து பார்க்கிறாள். பிறவிக் குணம். புதிதாக ஒன்றுமில்லை.