வைத்தியர் ஞானாம்பிகை தர மறுத்த ஊசி

தலைமை வகிக்கும் திரு. பஞ்சலிங்கம் அவர்களே, தீர்மானத்தைத் தட்டச்சுச் செய்து மடியில் வைத்திருக்கும் செயலாளர் திருமதி குணலட்சுமி அவர்களே, செத்தவீட்டுக்கு வராமல் இரங்கல் கூட்டத்துக்கு வந்து நிறைந்திருக்கும் உரும்பிராய்ப் பெருமக்களே!

மயக்கமருந்து நிபுணர், வைத்தியக் கலாநிதி ஞானாம்பிகை அவர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். அவர் மயக்கிய உடல்களைக் கத்தியால் திறந்த சத்திரசிகிச்சையாளன் நான். கொலையுண்ட கஜானியின் தகப்பனும் நான். இன்றைக்கு உங்களுக்கு இரண்டாவது ஆள்தான் தேவை என்பது எனக்குத் தெரியும்.

அம்மையாரின் தொழில் என்ன? உறங்க வைப்பதா? இல்லை! எழுப்புவது! கண்விழித்த நோயாளி தன் பெயரைத் தன் வாயால் சொல்லும்வரை அவர் தலைமாட்டை விட்டு அசைந்ததில்லை. என் மகளைக் கொண்டுவந்த அன்றும் அங்கேதான் நின்றார். "கஜானி, உம்மடை பேரைச் சொல்லும், பிள்ளை." கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். மகள் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கொன்றவனுக்கு நீதிமன்றம் தூக்கு விதித்தது. இந்த நாடோ நெடுங்காலமாக எவரையும் தூக்கிலிடுவதில்லை. உங்களுக்குப் பொறுக்கவில்லை. அம்மையார் வீட்டு விறாந்தையில் போய் அமர்ந்தீர்கள். நானும் அங்கே இருந்தேன்.

"டொக்டர், நாங்கள் ஒண்டும் காட்டுமிராண்டியள் இல்லை" என்றார் நமது தலைவர். "கயிறு வேண்டாம், ஊசி காணும். நோகாமல் போயிடுவான். எப்பிடி எண்டு நீங்கள் எழுதித் தந்தால் கொழும்புக்கு அனுப்புவம்."

"ஆருக்கு நோகாமல், பஞ்சலிங்கம்?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன்.

"பெத்த வயிறு எரியுது, டொக்டர்!" என்றார் செயலாளர்.

"பெத்தவர் உதிலை இருக்கிறார், வாய் திறக்கேல்லை. எரியிற வயித்துக்கை நீர் ஏன் மூண்டாவது வடையைப் போடுறீர்?"

பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார்: "வேள்வியிலை கிடாய்க்கு மஞ்சள் தண்ணி தெளிக்கிறனீங்கள். குளிருக்கு அது உடம்பை உதறும். சம்மதம் சொல்லிப்போட்டுது எண்டு வெட்டுறனீங்கள். அந்தத் தண்ணியைக் கேட்டுத்தானே என்னட்டை வந்திருக்கிறியள்? போயிட்டு வாங்கோ."

மறுநாள் காலை அவர் வீட்டு வாசற்படலையில் கழிவு எண்ணெய் வழிந்தது. ஊசி கேட்ட நாகரிகம் வாளியோடு திரும்பி வந்தது! அதன்பின் உங்களில் எவர் அவருடன் கதைத்தீர்கள்? தம் படலையைத் தாமே தேய்த்துக் கழுவிய அந்த மூதாட்டியைக் கடந்து எத்தனை சைக்கிள்கள் போயின?

இன்று அவர் பெயரால் ஒரு தீர்மானம். "அன்னாரின் நினைவாக, நோவற்ற மரணதண்டனையை நடைமுறைப்படுத்துக." உயிரோடு இருந்தவரை அவர் தராத கையொப்பத்தைப் பிணத்திடம் பெற்றுவிட்டீர்கள். மறுத்துப் பேச வாயில்லை. ஆகவே கிடாய் உதறிவிட்டது, அப்படித்தானே?

என்னை இரக்கமுள்ளவன் என்று எண்ணிவிடாதீர்கள். அவன் மீது எனக்கு எள்ளளவும் இரக்கமில்லை. அவன் நோகாமல் சாவதை நான் விரும்பவில்லை. நொந்து சாவதையும் விரும்பவில்லை. சாவதையே விரும்பவில்லை! கயிறோ, ஊசியோ, எதுவானாலும் அவன் ஒருமுறை கண்ணை மூடினால் போதும், அவன் கடன் தீர்ந்துவிடும். நீங்களும் வீட்டுக்குப் போய் நன்றாக உறங்குவீர்கள். உங்கள் உறக்கத்துக்குத்தான் அந்த மருந்து என்பதை ஒரு மயக்கமருந்து நிபுணரிடம் மறைக்கப் பார்த்தீர்களே!

அம்மையாரின் பணியை நான் தொடர்வேன். சிறைக்குப் போவேன். கொன்றவனின் முன்னால் அமர்ந்து, "என்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்லு" என்பேன். சொல்லும்வரை அசையமாட்டேன். சொன்னால், மறுபடியும் போய்க் கேட்பேன். அவன் கிழவனாகட்டும். பல் விழட்டும். தன் பெயரையே மறக்கட்டும். அவள் பெயரை மறக்க விடமாட்டேன்.

தலைவர் அவர்களே, இனித் தீர்மானத்தை வாசியுங்கள். ஆதரிப்போர் கையை உயர்த்தட்டும். நான் இங்கேயே நிற்கிறேன். உயரும் ஒவ்வொரு கையிடமும் அதன் பெயரைக் கேட்பேன்.