கோடையில் சாத்திய யன்னல்

கிறிஸ்ரியன்: இது என்ன?

லவினியா: எது, அண்ணா?

கிறிஸ்ரியன்: நடிக்காத. அம்மாவின்ர வருத்தத்துக்கு டொக்டர்மார் தந்த கடிதம் எல்லாம் கோத்து வைக்கிற ஓர்ட்னர். நாளைக்குக் கோர்ட்டால வாற டொக்டருக்குக் காட்ட வேணும் எண்டு நேற்றுக் கொண்டுபோனன். திறந்தால் நடுவில நாற்பது பக்கம் பேய்க்கதை.

லவினியா: பேய்க்கதை இல்லை. பேய்க்கதையைப் பற்றின ஆராய்ச்சி. என்ர மாஸ்டர் ஆர்பைட்.

கிறிஸ்ரியன்: பெரிய வித்தியாசம்.

லவினியா: வாசிச்சனீங்களோ?

கிறிஸ்ரியன்: வேலையில இடைவேளைக்கு எல்லாரும் பாண் தின்னுறாங்கள். நான் பேய் வாசிக்கிறன்.

லவினியா: முழுக்கவோ?

கிறிஸ்ரியன்: முழுக்க. கோவத்தில ரண்டு தரம்.

லவினியா: அப்ப நல்லாத்தான் எழுதியிருக்கிறன்.

கிறிஸ்ரியன்: பகிடி விடாத, லவினியா. எனக்கு வாற விசருக்கு...

லவினியா: சத்தம் போடாதேங்கோ. அம்மா படுத்திருக்கிறா.

கிறிஸ்ரியன்: மத்தியானம் ரண்டு மணி. எந்த நேரமும் படுத்துத்தான் இருக்கிறா.

லவினியா: குளிசை குடுத்தால் படுக்கத்தான் செய்வினம்.

கிறிஸ்ரியன்: ஏன் இதை ஓர்ட்னருக்குள்ள வைச்சனி?

லவினியா: வேற எங்க வைச்சாலும் நீங்கள் வாசிக்க மாட்டியள்.

கிறிஸ்ரியன்: நான் ஏன் வாசிக்க வேணும்? நூற்றிமுப்பது வருசத்துக்கு முந்தின ஒரு மனிசி. கால்வாய் மதகு காவல்காரன்ர பெண்சாதி. தண்ணியில தாண்டு செத்த தம்பி அக்கரையில வந்து நிக்கிறான் எண்டுறா. பக்கத்தில பத்து வயசுப் பெட்டை, புருசன்ர மூத்த தாரத்துப் பிள்ளை. அங்க ஒருத்தரும் இல்லை எண்டுது. மனிசியைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகினம். கதை முடிஞ்சுது. இதுக்கு நாற்பது பக்கமோ?

லவினியா: கதை முடியேல்லை. கடைசி வரியை விட்டிட்டியள்.

கிறிஸ்ரியன்: எந்த வரி?

லவினியா: மனிசியை வண்டியில ஏத்தினாப் பிறகு அந்தப் பிள்ளை உள்ள வந்து யன்னலைச் சாத்துறாள். கோடை. வீட்டுக்குள்ள வெக்கை. எண்டாலும் சாத்துறாள்.

கிறிஸ்ரியன்: சாத்தட்டும். கால்வாய்க்கரை. நுளம்பு வரும்.

லவினியா: புரொபசரும் அதைத்தான் சொன்னவர். நுளம்பு எண்டு சொல்லேல்லை, மற்றும்படி அதுதான்.

கிறிஸ்ரியன்: பாத்தியோ. படிச்ச மனிசன்.

லவினியா: நூறு வருசமாப் பாதிப் பேர் பேய் வந்தது எண்டுகினம். மற்றப் பாதி, பேயும் இல்லை ஒண்டும் இல்லை, தம்பியைக் காப்பாத்தேல்லை எண்ட குற்றவுணர்ச்சி, மனிசிக்கு மனநோய் எண்டுகினம். ஒருத்தரை ஒருத்தர் கிழிச்சு எழுதியிருக்கினம். ஆனா ஒரு விசயத்தில மட்டும் எல்லாரும் ஒண்டு. அந்தப் பிள்ளை உண்மை சொன்னது எண்டு.

கிறிஸ்ரியன்: பத்து வயசுப் பிள்ளை ஏன் பொய் சொல்லுது?

லவினியா: ஒருத்தரும் இல்லாத யன்னலை ஏன் சாத்துது?

கிறிஸ்ரியன்: நீ கதையைப் பற்றி எழுதேல்லை. எங்களைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

லவினியா: எங்கட பேர் எங்க இருக்கு? காட்டுங்கோ.

கிறிஸ்ரியன்: முப்பத்திரண்டாம் பக்கம். 'ஈரச் சேட்டோட நிக்கிறான், கூப்பிட்டால் வாறானில்லை.' இது அந்த மதகுக்காரி சொன்னதோ?

லவினியா: தாங்கோ அந்தப் பக்கத்தை.

கிறிஸ்ரியன்: சொல்லு. ஜெர்மன்ல எழுதினால் எனக்கு விளங்காது எண்டு நினைச்சியோ? இது அம்மா சொன்னது. யூட் அண்ணாவைப் பற்றி. மன்னார்க் கடலில தாண்ட எங்கட அண்ணாவை நீ புரொபசருக்கு விக்கிறாய்.

லவினியா: அம்மா சொன்னது தமிழில. டொக்டருக்குச் சொன்னது நான். பதினொரு வயசில. பள்ளிக்கூடத்தை மறிச்சுக் கூட்டிக்கொண்டு போனவை. அம்மாக்குப் பாசை தெரியாது, அப்பாக்கு வேலை, நீங்கள் மியூனிக்கில.

கிறிஸ்ரியன்: ஓம். மியூனிக்கில. தொழிற்படிப்பு. அவுஸ்பில்டுங்.

லவினியா: ஓம். அவுஸ்பில்டுங்.

கிறிஸ்ரியன்: ஏன் அப்பிடிச் சொல்லுறாய்?

லவினியா: எப்பிடி?

கிறிஸ்ரியன்: விடு.

லவினியா: அம்மா சொன்னதை ஒண்டும் விடாமல் சொன்னனான். குசினி யன்னலால பாத்தவ, றோட்டுக்கு அங்கால தொங்கு றெயின் தூணடியில செத்த மகன் நிண்டவன் எண்டு. டொக்டர் எல்லாத்தையும் எழுதினார். பிறகு பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தார். நீயும் பக்கத்தில நிண்டனியோ, உனக்கு ஆரும் தெரிஞ்சதோ எண்டார். என்ன கேக்கிறார் எண்டு அம்மாக்கு விளங்கேல்லை. என்ர வாயைப் பாத்துக்கொண்டிருந்தவ.

கிறிஸ்ரியன்: நீ இல்லை எண்டனி.

லவினியா: இல்லை எண்டனான். குளிசை எழுதினார். பதினாறு வருசம்.

கிறிஸ்ரியன்: அம்மா வருத்தக்காரி. அதுக்கு நீ என்ன செய்யிறது?

லவினியா: அப்பிடித்தான் கோர்ட்டுக்குப் போட்ட அந்திராக்கிலயும் எழுதியிருக்கிறியள்.

கிறிஸ்ரியன்: ஓம், எழுதினனான். வேற என்னத்தை எழுத? அடுப்பை நிப்பாட்ட மறந்து போறா. வாற கடிதம் ஒண்டும் உடைக்கிறாவில்லை. என்னைக் கண்டால் யூட் எண்டு கூப்பிடுறா. சுகமான ஆள் செய்யிற வேலையோ இது? அப்பாவும் போயிட்டார். நீ படிக்கிற பான் நகரத்தில இருந்து மாசத்தில ஒருக்கா வாறாய், முட்டைமாப் பணியாரம் தின்னுறாய், போறாய். கோர்ட் ஒருத்தரைப் பொறுப்பாப் போடட்டும். வயசு போன ஆக்களைப் பாக்கிற ஹைமில ஒரு அறையும் பாத்து வைச்சிருக்கிறன்.

லவினியா: அம்மா இந்த வீட்டை விட்டுப் போக மாட்டன் எண்டுறா.

கிறிஸ்ரியன்: அம்மா சொல்லுறதை இனிக் கோர்ட் கேக்காது.

லவினியா: அதைத்தான் நானும் சொல்லுறன்! அண்டைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. என்னைத்தான் கேட்டவை.

கிறிஸ்ரியன்: கத்தாத.

லவினியா: நாளைக்கு அந்த டொக்டர் கேக்கிற முதல் கேள்வி, எப்ப தொடங்கினது எண்டு. என்ன சொல்லப் போறியள்?

கிறிஸ்ரியன்: நான் ஏன் சொல்ல? நீதான் வழமையா அம்மாக்கு மொழிபெயர்க்கிறனி. காலமை பத்து மணிக்கு டொக்டரோட தேர்மின். அம்மா சொல்லுறதை மட்டும் சொல்லு. உன்ர ஆராய்ச்சியைச் சொல்லாத.

லவினியா: நான் மாட்டன்.

கிறிஸ்ரியன்: என்ன?

லவினியா: மாட்டன். நீங்களே இருந்து சொல்லுங்கோ. அம்மாவின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. பதினாறு வருசத்துக்கு முன்னம் ஒரு மழைநாள்...

கிறிஸ்ரியன்: வாயை மூடு.

லவினியா: வுப்பர்டாலில மழை பெய்தால் ஆரின்ர சேட்டும் நனையும், அண்ணா. அதுக்குக் கடலில தாழத் தேவையில்லை.

கிறிஸ்ரியன்: வாயை மூடு எண்டனான்!

லவினியா: நீ மூடு!

கிறிஸ்ரியன்: நீயோ? என்னையோ நீ எண்டுறாய்?

லவினியா: ஓம். நீ. நான் அண்டைக்கு இந்த யன்னல் ரொல்லாடனைக் கீழ இழுத்து விட்டனான். பட்டப்பகல். குசினி இருட்டாப் போச்சு. அம்மா யன்னலில நிண்டு அழுறா, நான் கயிற்றைப் பிடிச்சு இழுக்கிறன். 'ஒருத்தரும் இல்லை அம்மா, ஒருத்தரும் இல்லை' எண்டு சொல்லிச் சொல்லி இழுக்கிறன். நீ அப்ப எங்க நிண்டனி?

கிறிஸ்ரியன்: மெல்லக் கதை. அம்மா படுத்திருக்கிறா.

லவினியா: எங்க நிண்டனி எண்டு கேட்டனான்.

கிறிஸ்ரியன்: உன்ர கதையில அந்தப் பெட்டை ஏன் பொய் சொன்னவள்? நாற்பது பக்கத்தில அதுக்கு ஒரு வரி இல்லை.

லவினியா: இருந்தது. வெட்டிப்போட்டன்.

கிறிஸ்ரியன்: ஏன்?

லவினியா: கதைக்குள்ள ஆதாரம் எங்க எண்டு புரொபசர் கேட்டவர். கதைக்குள்ள இல்லை.

கிறிஸ்ரியன்: அப்ப வெட்டினபடி இருக்கட்டும். அம்மாக்கு இனி ஒண்டும் மாறப் போறேல்லை. பதினாறு வருசத்தைத் திருப்பித் தருவியோ? இல்லைத்தானே. நான் போறன். ஓர்ட்னர் எனக்கு. இந்தா, உன்ர பேய் உனக்கு.

லவினியா: எறியாதேங்கோ! கதவை அடிக்காதேங்கோ, அண்ணா, அம்மா முழிச்சிடுவா... அண்ணா!

பேர்பெச்சுவா: என்ன பிள்ளை சத்தம்? கதவை ஆர் அடிச்சது?

லவினியா: காத்து, அம்மா.

பேர்பெச்சுவா: உனக்கு எல்லாம் காத்துத்தான். ஆரோ கதைச்ச மாதிரியும் கிடந்தது... கனவாக்கும். என்ன இது, நிலமெல்லாம் பேப்பர்?

லவினியா: என்ர படிப்பு, அம்மா. பொறுக்கிறன். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.

பேர்பெச்சுவா: சீனி போடாத. மழை பிடிச்சிட்டுது போல. காயப் போட்டது ஏதும்...

லவினியா: இல்லை, அம்மா. ஒண்டும் வெளியில இல்லை.

பேர்பெச்சுவா: லவினியா.

லவினியா: ஓம், அம்மா.

பேர்பெச்சுவா: குளிசைப் பெட்டியை எடு.

லவினியா: மத்தியானம்தானே போட்டனீங்கள்.

பேர்பெச்சுவா: இன்னொண்டு தா. திரும்ப வந்திட்டுது.

லவினியா: என்னது?

பேர்பெச்சுவா: அந்தா, தூணடியில. நனைஞ்சுகொண்டு நிக்குது. மேல நிமிந்து எங்கட யன்னலைத்தான் பாக்குது... நீ பாக்காத. உன்னை நான் கேக்கேல்லை. உனக்கு ஒண்டும் தெரியாது, எனக்குத் தெரியும். அண்டைக்கு மாதிரி ரொல்லாடனை இழுத்து விடு. நாளைக்கு அந்த டொக்டருக்கும் நீ ஒண்டும் சொல்லாத. நானும் சொல்ல மாட்டன்.

லவினியா: கயிற்றை விடுங்கோ, அம்மா.

பேர்பெச்சுவா: இழு பிள்ளை. எனக்கு ஏலாது.

லவினியா: இல்லை, அம்மா. நிக்குது. எனக்கும் தெரியுது. அது கிறிஸ்ரியன் அண்ணா. இப்ப கதவை அடிச்சிட்டு இறங்கிப் போனவர். அண்டைக்கும் அவர்தான். மியூனிக்கால படிப்பை விட்டிட்டு ஓடி வந்து நிண்டவர், அப்பாட்டச் சொல்லாத எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். அண்டைக்கும் நான் கண்டனான், அம்மா.