கராஜ் தரைக்கு எந்தச் சூடு

காலுக்கடியில் தரை வெதுவெதுப்பாக இருந்தால் அது தனிச் சுகம்தான், தம்பி. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். மினசோட்டாக் குளிரில் வருஷத்துக்கு ஐந்து மாதம் கிடக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். உங்கள் காவல் நிலையத்திலும் போட்டிருக்கலாம்.

எங்கள் கராஜ் வீட்டோடு ஒட்டினது இல்லை, கொஞ்சம் தள்ளித் தனியாக நிற்கும். ஓய்வு பெற்றதிலிருந்து என் வீட்டுக்காரர் ஆர்லோ பகலெல்லாம் அங்கேதான். ஏரி உறைந்ததும் அதன்மேல் இழுத்துக்கொண்டுபோய் வைத்து மீன் பிடிக்கிற மரக்குடிலுக்கு ஆணி அடிப்பார், பிடுங்குவார், மறுபடி அடிப்பார். தரைக் குளிரில் முட்டி வலிக்கிறது என்றார். போன கோடையில் பழைய தரையைப் பெயர்த்து, குழாயைச் சுருள் சுருளாகப் பரப்பி, மேலே கான்கிரீட் போட்டோம். அந்தக் குழாயில் ஓடும் தண்ணீரை எதை வைத்துச் சூடாக்குவது என்பதுதான் பாக்கி.

எங்கள் தேவாலயத்து கோர்டிக்கு இந்த வேலையெல்லாம் அத்துப்படி. மூன்று வழி சொன்னான். கரண்டில் ஓடும் பாய்லர். அதில் நெருப்பே கிடையாது. புது மாதிரி கேஸ் பாய்லர். புகைக்குழாய் அடைத்தால் தானே நின்றுவிடும். மூன்றாவது, அவன் கொட்டகையில் கிடந்த பழைய கேஸ் ஹீட்டர். அடைத்தாலும் அது பாட்டுக்கு எரியும், விஷப்புகை உள்ளேயே தங்கும். அதைச் சொல்லும்போதே முகம் சுளித்தான்.

மூன்றையும் தாளில் எழுதி ஆர்லோ முன்னால் வைத்தேன். அவருக்கு என்ன சட்டை, என்ன மாத்திரை, அவர் அம்மாவுக்கு எந்தச் சவப்பெட்டி, அவர் நெஞ்சில் ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா, முப்பத்தெட்டு வருஷமாக எல்லாம் முடிவு செய்தது நான்தான். எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. உடம்பும் மனசும் விட்டுப்போய்விட்டது.

“உங்க முட்டி, உங்க கராஜ். இந்த ஒரு தடவையாவது நீங்களே சொல்லுங்களேன்” என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

தாளை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “உனக்குத் தெரியாததா, இடெல்லா? நீ பார்த்து எதைச் சொன்னாலும் சரி” என்று காபிக் கோப்பையை நீட்டினார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். கோர்டியைக் கூப்பிட்டு, பழைய ஹீட்டரே போதும் என்றேன். கூரையில் ஓட்டை போட்டால் ஒழுகும், புகைக்குழாயை வடக்குச் சுவரில் தாழ்வாக விட்டுவிடு என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “அப்படியும் சில பேர் வைக்கிறாங்கதான், அக்கா” என்றான். எங்கள் ஊரில் யாரும் இதற்குமேல் மறுத்துப் பேசமாட்டார்கள், எதிராளி மனசு நோகுமாம். நீங்களும் இந்த ஊர்தான், உங்களுக்குத் தெரியும். அதை நம்பித்தான் அவனைக் கூப்பிட்டேன். விஷப்புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்று சும்மாவே தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டான், வேண்டாம் என்றேன். இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வதுதான் நம் வழக்கம். அவன் மூன்றாவது தடவையும் கேட்டான், பாவம். அப்போதும் வேண்டாம் என்றேன். அவன்மேல் வழக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஜனவரி வரைக்கும் பொறுத்திருந்தேன். பனியை வாரித் தூர வீசுகிற இயந்திரத்தை வைத்து வாசலைச் சுத்தம் செய்வது எங்கள் வீட்டில் என் வேலை. அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் முழங்கால் உயரம் பனி. எப்போதும் சாலைப் பக்கம் வீசுவேன். அன்றைக்கு இயந்திரத்தின் வாயை வடக்குச் சுவர் பக்கம் திருப்பினேன். புகைக்குழாய் பனியில் மூடிய பிறகும் நிறுத்தவில்லை, இன்னும் இரண்டு நடை போய்வந்தேன். பிறகு உள்ளே வந்து கையுறையைக் காயப்போட்டுவிட்டு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் கலந்து அடுப்பில் வைத்தேன்.

பதினொரு மணிக்கு கராஜிலிருந்து போன் செய்தார். “தலை சுத்துது, இடெல்லா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. வீட்டுக்கு வந்துடட்டுமா, இல்ல இங்கயே கொஞ்சம் படுக்கட்டுமா?”

சமையலறை ஜன்னலிலிருந்து கராஜ் கதவு தெரிந்தது. அவர் அதைத் திறந்தால் போதும், பிழைத்துவிடுவார். எனக்குத் தெரியும்.

“வெளிய குளிர் கொல்லுது. அங்கயே படுங்க” என்றேன். சரி என்று போனை வைத்தார்.

முப்பத்தெட்டு வருஷத்தில் நான் எடுத்த எந்த முடிவுக்காகவும் அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, தம்பி. இதற்கும் வருத்தப்பட்டிருக்கமாட்டார்.