வர்றேன் என்று சொன்னால்

பிளேன்டீக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, சேர். பரவாயில்லை, எங்கள் கடைப்பக்கத்துத் தேநீரைவிட இது எவ்வளவோ மேல். நீங்களும் குடியுங்கள், ஆறிப்போகும். நான் எங்கேயும் ஓடப்போவதில்லை. சொல்வதற்கும் அப்படியொன்றும் நிறைய இல்லை. ஒரேயொரு சொல்லைப் பற்றித்தான் பேச்சு.

என் பெயர் இளங்கோ. கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மேல்மாடியில் குடியிருப்பு. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம், கூடப்பிறந்தவர்கள் இல்லை. காலையில் அறையைப் பூட்டும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. திரும்பி வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவும் ஆளில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, வசதியாகத்தான் சொல்கிறேன். வீட்டில் மனிதர்கள் இருந்திருந்தால் அங்கே கம்ப்யூட்டர்களைப் போட்டு ஓர் அணியை உட்காரவைக்க விட்டிருப்பார்களா?

இணையத்தில் ஐந்து பேர் ஐந்து பேராக மோதுகிற சுடும் விளையாட்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஆடுவார்கள். எங்கள் அணியில் கணேஸ், ஷிராஸ், லோஜினி, பிறகு கடுகண்ணாவையிலிருந்து ரயிலில் வருகிற அண்ணன் தம்பி இருவர். நான் ஆடுவதில்லை. முன்பு ஆடினேன். என் கை மந்தமென்று எனக்கே விளங்கியதும் கதிரையை லோஜினிக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றுகொண்டேன். அவர்கள் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போன் போல எனக்கும் ஒன்று உண்டு. அவர்கள் தங்களுக்குள் பேசுவதையெல்லாம் அதில் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னோடு யாரும் பேசமாட்டார்கள். ஆட்டத்தின் நடுவே பேசவும் கூடாது, அது என் கட்டளைதான்.

தனித்தனியாக எடுத்தால் எல்லோரும் சூரர்கள். சேர்ந்து ஆடச் சொன்னால் கந்தரகோலம். போன வருடம் கொழும்பு அணியொன்றோடு அரையிறுதி. ஷிராஸ் ஒரு சுவர் மறைவில் தனியாக மாட்டிக்கொண்டான். லோஜினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேராதனையில் படிக்கிறாள். அவள், "அப்ப நான் வாறன்" என்றாள். இந்த இடத்தை விட்டுக் கிளம்புகிறேன் என்பதுதான் அவள் கருத்து. வாசல் தாண்டும்போது சொல்கிற வார்த்தை, பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது. ஷிராஸ் தனக்கு உதவ வருகிறாள் என்று எடுத்துக்கொண்டான். சுவரோடு ஒட்டிக்கொண்டு காத்திருந்தான். அவள் வரவில்லை, எதிரிகள் வந்தார்கள். தோற்றுப்போனோம்.

அணியில் யார் மேலும் பிழை சொல்ல முடியாது, சேர். நம் ஆட்கள் போகும்போதுதானே வருகிறேன் என்கிறார்கள். போகிறேன் என்றால் ஒரேயடியாகப் போவது போல ஆகிவிடுமாம். அந்த ஆட்டத்தோடு நான் ஒரு சட்டம் போட்டேன். வர்றேன் என்றால் உன்னிடம் வருகிறேன் என்று மட்டும்தான் பொருள். சொன்னவர் என்ன ஆனாலும் வரவேண்டும். கேட்டவர் நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது. கிளம்புகிறவர் போறேன் என்று சொல்லவேண்டும். வீட்டிலும் பஸ்ஸிலும்கூட அப்படியே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நாக்கு பழகாது. தன் உம்மா செருப்பைக் கழற்றுவா என்று ஷிராஸ் சிரித்தான். ஆனாலும் பழகினார்கள். பழகிய பிறகு அந்த அணியை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். ஒருவர் வர்றேன் என்பார், மற்றவர் அந்த இடத்திலேயே வேரோடி நிற்பார், சுற்றிலும் குண்டு பறந்தாலும் நகரமாட்டார். மனிதர்கள் ஒருவரையொருவர் அவ்வளவு நம்புவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கணேஸ்தான் அணியின் உயிர். அவன் வீடு ஹுன்னஸ்கிரியப் பக்கம் மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா நல்லம்மா அங்கே தனியாக இருந்தார். மகன் போறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிய முதல் நாள் அவர் பின்னாலேயே ஓடிவந்து தடுத்தாராம். பிறகு அவன் சட்டத்தை விளக்கிச் சொல்லியிருக்கிறான். வர்றேன்னு சொன்னா நீ அசையக்கூடாது ஆத்தா, நான் வந்தே தீருவேன் என்று. அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

ஒருமுறை கணேஸோடு நானும் அங்கே போனேன். ரொட்டியும் கட்டச்சம்பலும் தந்தார். நான் சாப்பிடுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குக் கூச்சமாக இருந்தது. கிளம்பும்போது வழக்கம்போல போறேன்மா என்றேன். அவர் வாசலை மறித்துக்கொண்டார்.

"அந்தச் சட்டமெல்லாம் கண்டியிலயே வச்சுக்கிருங்க தம்பி. இங்க வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க. அப்பத்தான் நான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

சொன்னேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த முகம்தான். என்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை, வேலைகள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது அதுதானே. மழை நாட்கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தது. மத்தியானம் இறுதியாட்டம். காலையிலேயே கணேஸ், ஊருக்குப் போய் அம்மாவைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டான். ஆட்டம் முடியட்டும், நானே வேன் பிடித்துத் தருகிறேன் என்றேன். நல்ல பிள்ளை, மறுபேச்சுப் பேசவில்லை. எல்லோரும் தங்கள் போன்களைப் பிஸ்கட் தகரத்தில் போட்டார்கள். ஆட்டத்தின்போது தகரம் என் மடியில் இருக்கும். அதுவும் சட்டம்தான்.

பாதி ஆட்டத்தில் கணேஸின் போன் அதிர ஆரம்பித்தது. அம்மா. நின்றது, மறுபடி அதிர்ந்தது. கடைசியில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. போனோடு படிக்கட்டுக்குப் போனேன். பூட்டைத் திறப்பது எனக்குக் கஷ்டமில்லை, அந்தப் போனுக்குத் திரை மாற்றிக் கொடுத்ததே நான்தான்.

"சாமி, மண்ணு எறங்குதுன்னு எல்லாரும் மேல ஸ்கூலுக்குப் போறாங்க. அவங்களோட நானும் போகவா, நீ வர்ற வரைக்கும் இருக்கவா?"

நீங்களே என் இடத்தில் நின்று பாருங்கள். பதில் போகாவிட்டால் அவர் விடாமல் எடுத்துக்கொண்டே இருப்பார், பிறகு ஷிராஸுக்கு எடுப்பார், லோஜினிக்கு எடுப்பார். கணேஸிடம் சொன்னால் அவன் எழுந்து ஓடுவான். ஒருவன் எழுந்தால் மற்ற நால்வரின் உழைப்பும் மண். உள்ளே அப்போதுதான் அண்ணனுக்குத் தம்பி வர்றேன் என்கிற சத்தம் என் காதில் கேட்டது. அதே சொல்லை எழுதி அனுப்பினேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். பள்ளிக்கூடத்துக்குப் போகாதீர்கள் என்று நான் எழுதவில்லை, சேர். இதைத் தயவுசெய்து அப்படியே பதிந்துகொள்ளுங்கள். வர்றேன் என்று மட்டும்தான் எழுதினேன். நம் ஊரில் அது விடைபெறுகிற வார்த்தையும்தான். மகன் விடைபெறுகிறான் என்று நினைத்து அவர் மற்றவர்களோடு கிளம்பியிருக்கலாம்.

ஆமாம், மறுபடி ஒரு குரல் செய்தி வந்தது. அதைக் கேட்கவில்லை என்று நேற்றுச் சொன்னேன். கேட்டேன்.

"சரி சாமி. நான் அசைய மாட்டேன்."

சட்டத்தை அவ்வளவு சரியாகப் பிடித்திருந்தார். இரண்டு குரல்களையும் என் பதிலையும் கணேஸின் போனிலிருந்து அழித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

வென்றோம். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். கடுகண்ணாவைத் தம்பி கணேஸைத் தோளில் தூக்கிக்கொண்டான். பிறகு ஷிராஸ் என்னையும் இழுத்து நடுவில் விட்டான். ஐந்து பேரின் கைகளும் என் மேல் இருந்தன. தகரத்தை அப்போதே கொடுத்திருக்கவேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். கொடுத்திருந்தால் நேரம் இருந்திருக்கும். மண் சரிந்தது அதற்குப் பிறகுதான், உங்கள் அறிக்கையிலேயே அப்படித்தான் இருக்கிறது. நான் தகரத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கீழே இறங்கிப்போய் எல்லோருக்கும் கொத்து ரொட்டி வாங்கி வந்தேன். கணேஸ் போனைக் கேட்டான், முதலில் சாப்பிடு என்றேன். என் வீட்டில் அத்தனை பேர் சேர்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒற்றுமைக்குச் சேர்ந்து சாப்பிடுவது போல வேறொன்று இல்லை. அணிக்காகத்தான் செய்தேன்.

மண்ணுக்குள்ளிருந்து நல்லம்மாவை எடுத்தபோது அவருடைய போன் அவர் கையிலேயே இருந்ததாம். கணேஸ் அதைத் திறந்து பார்த்திருக்கிறான். தான் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், தான் ஒருநாளும் எழுதாத ஓர் எழுத்துச் செய்தி. அவன் அம்மாவுக்குக் குரல் மட்டும்தான் அனுப்புவான். அந்த ஒன்றை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

சடங்கெல்லாம் முடிந்து எல்லோரும் என் அறைக்கு வந்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டார்கள். கணேஸ் என்னைப் பார்க்கவேயில்லை. வாசலில் லோஜினிதான் திரும்பினாள். "நாங்கள் போறம்" என்றாள். பின்னால் ஒவ்வொருவராக அதையே சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள். ஷிராஸ் போறேன் என்றான், அண்ணன் தம்பி சொன்னார்கள், கடைசியாகக் கணேஸும் சொன்னான். ஒருவர்கூடப் பிசகவில்லை, சேர். நான் பழக்கிய அணி அது. அன்றுதான் அறையைப் பூட்டிவிட்டு இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

எல்லாம் சொல்லியாயிற்று. கையெழுத்து எங்கே போடவேண்டும்? அதற்குள் எழுந்துவிட்டீர்களா? உங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்தான். கதவைத் தாண்டும்போது ஒரேயொரு தடவை வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போவீர்களா? எந்தப் பொருளில் சொன்னாலும் சரி. நான் இந்தக் கதிரையை விட்டு அசையமாட்டேன்.