கலெக்டர் வேடத்தில் வாங்கிய மனு

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்று, கபீர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தும் துணிந்து கொடுத்திருக்கும் எங்கள் மன்றத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, சாவித்திரி அம்மையார் அவர்களே! பகலெல்லாம் அரிசி ஆலையில் நெல் அவித்துவிட்டு, அந்த ஆவி அடங்கும் முன்பே பேனாவைப் பிடிக்கும் எங்கள் நாடக ஆசிரியர், அருமை அண்ணன் பஞ்சநதம் அவர்களே! கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இந்தத் திருவிடைமருதூர் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்தீர்களோ, முடிக்காமலே வந்தீர்களோ, முன்வரிசையில் முறைப்பாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வலங்கைமான் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் இந்த அஹமது கபீரின் ஸலாமும் வணக்கமும் உரித்தாகட்டும்.

எங்கள் அரசலாறு நாடக நண்பர்கள் மன்றத்துக்கு இருபத்தைந்து வயது. அதற்காக எனக்குப் பொன்னாடை. மகிழ்ச்சி. ஆனால், விழா அழைப்பிதழைப் பார்த்தீர்களா? வழவழப்பான தாள், வண்ண எழுத்து, என் முகம்கூடச் சுமாராக விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே என்ன அச்சடித்திருக்கிறார்கள்? ‘ஓய்வு நேரக் கலைஞர்.’

ஓய்வு நேரமா? எந்த ஓய்வு? யார் கொடுத்த ஓய்வு? எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிற ஓய்வு? காலை ஐந்தரைக்குப் பஞ்சநதம் அண்ணன் வீட்டுக் கொல்லையில் ஒத்திகை பார்க்கிறோமே, அது ஓய்வா? ஏழே முக்கால் பஸ்ஸில் கம்பியில் தொங்கிக்கொண்டு மூன்றாம் காட்சியை முணுமுணுக்கிறேனே, அது ஓய்வா? எங்கள் நாடகத்து ராஜா பித்தளைப் பட்டறையில் பகலெல்லாம் தட்டுகிறார். எங்கள் ராணி ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறார். சிரிக்காதீர்கள்! ராஜா இப்போதும் மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலிதான் தூக்கிக்கொண்டிருக்கிறார். உறக்கத்தைக் குறைத்து, உணவைக் குறைத்து, உறவுக்காரர் கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டு ஓடிவந்து உண்டாக்குகிறோம் ஒரு நாடகத்தை. அதற்கு நீங்கள் வைக்கும் பெயர் ஓய்வு!

சரி, அந்தக் கோபம் சின்னக் கோபம். பெரிய கோபத்துக்கு வருகிறேன்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் அலுவலக உதவியாளன். பியூன் என்று சொன்னால் சட்டென்று புரியும். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எல்லோரும் ஏதோ ஒரு அலுவலகத்துக்குப் போனவர்கள்தானே, அதையே நினைத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே காக்கிச் சட்டை போடுகிறேன். கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போதுதான் எனக்கு வசனம் மனப்பாடம் ஆகும். ஒருநாள் ஏதோ ஞாபகத்தில், “உன் அரியணை இன்றே ஆட்டங்காணும்!” என்று உரக்கச் சொல்லிவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே என் மேலதிகாரி இறங்கி வருகிறார். அரியணை ஆடவில்லை, ஐயா. ஆறு மாதம் என்னைத்தான் பழைய பதிவேட்டு அறைக்குள் தூசி தட்டப் போட்டார்கள்.

அங்கே எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. வாசலில் நிற்பது. மனுவோடு வருகிறவர்களை, “ஐயா இல்லீங்க, நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்புவது. ஏன் தெரியுமா? மனு உள்ளே வந்தால் முத்திரை விழும். முத்திரை விழுந்தால் எண் விழும். எண் விழுந்தால் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நிலுவைப் பட்டியலில் நிற்கும். வாசலிலேயே திரும்பிவிட்டால்? எண் இல்லை, நிலுவை இல்லை, குறையே இல்லை! மாதக் கூட்டத்தில் எங்கள் அலுவலகம் பாராட்டு வாங்குகிறது. எப்படி வாங்குகிறது? இந்த நாக்கால் வாங்குகிறது! பசியோடு வந்தவரையும், பஸ்ஸுக்குக் காத்திருந்து வந்தவரையும், படியேற முடியாமல் ஏறி வந்தவரையும் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லியே பழகிப்போன இந்த நாக்கால் வாங்குகிறது!

கைதட்டாதீர்கள். வெட்கப்பட வேண்டிய இடத்தில் ஏன் கைதட்டுகிறீர்கள்?

இப்போது ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள். வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி மைதானத்தில், மாலை நான்கு மணிக்கு எங்கள் நாடகம். அதில் நான் கலெக்டர். குறைதீர் முகாம் நடத்துவதுதான் முதல் காட்சி. மனு கொடுக்கிறவர்களாக நடிக்கும் எங்கள் ஆட்கள் முன்கூட்டியே பார்வையாளர்களோடு கலந்து உட்கார்ந்திருப்பார்கள். கலெக்டரின் டவாலியாக நடிப்பவர் “அடுத்த மனு!” என்று கூப்பிட்டால் ஒவ்வொருவராக எழுந்து மேடைக்கு வருவார்கள். அந்தக் காட்சிக்காக ஊராட்சி அலுவலகத்திலிருந்து நிஜமான மேசையையும் பச்சைத் துணியையும் இரவல் வாங்கியிருந்தோம். ‘மக்கள் குறைதீர் முகாம்’ என்று எழுதிய பெரிய பேனர் ஒன்றும் உண்டு. மேடையில் அதைக் கட்டச் சுவர் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான், யாரோ என்ன, நான்தான், அதைக் காலையிலேயே பள்ளி வாசலில் கட்டிவிட்டேன். நாடகம் என்று அதில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது.

காட்சி நடக்கிறது. இரண்டு மனு வந்தது. மூன்றாவதாக ஜவுளிக்கடை ராணி கிழவி வேடத்தில் வரவேண்டும். வந்தவர் ராணி இல்லை. ஓர் அம்மா. சேற்றுக் கால், கையில் நான்காக மடித்த தாள். பேனரைப் பார்த்துவிட்டு, கலெக்டர் வந்திருக்கிறார் என்று நம்பி, மத்தியானம் முதல் காத்திருந்து, டவாலி கூப்பிட்டதும் எழுந்து வந்திருக்கிறார். மேசைக்கு முன்னால் நின்று கும்பிட்டார்.

“ஐயா, எம் பேரு அகிலாண்டம்ங்க. மூணு மா நெலம் குத்தகைக்குச் செய்யிறேன். எங்க வாய்க்கா மதகுல பலகை ஒடஞ்சு அடைச்சுக்கிட்டு எட்டு மாசமாச்சுங்க. ஆத்துல தண்ணி போவுது, எங்க பக்கம் சொட்டு ஏறல. நாத்தங்காலுக்குக் கொடத்துல தூக்கி ஊத்துறோங்க. இதுல பதினோரு பேரு கையெழுத்து இருக்குங்க. ஆபீசுக்கு நாலு தடவ போனேன். வாசல்ல ஒரு காக்கிச்சட்டைக்காரரு, நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னே அனுப்பிட்டாருங்க.”

அந்தக் காக்கிச்சட்டைக்காரன் யார்? இந்தக் கபீர்! நான்கு முறை அவர் முகத்தைப் பார்த்தவன், நான்கு முறை அந்தத் தாளைத் தொடாமலே அனுப்பியவன், இரவல் கோட்டும் ஒட்டு மீசையுமாக அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவரைத் தெரிந்தது.

நாடகத்தில் என் வசனம், ‘வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம்’ என்பது. மூன்றே சொல். அதை விட்டுவிட்டு எழுந்து நின்றேன். மனுவை இரண்டு கையாலும் வாங்கினேன். “உட்காருங்கம்மா” என்றேன். மறைவிலிருந்து பஞ்சநதம் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, “கபீரு, டயலாக்கச் சொல்லுய்யா! யாருய்யா அது?” என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது, என்ன இயல்பான நடிப்பு என்று! நான் அந்த மனுவை முழுக்கப் படித்தேன். காக்கிச் சட்டையில் நான்கு நாள் செய்யாத வேலையைக் கோட்டு போட்டுக்கொண்டு நான்கு நிமிடத்தில் செய்தேன். எனக்கு அந்தக் கைதட்டல் செருப்படியாக விழுந்தது.

நாடகம் முடிந்ததும் அவரிடம் உண்மையைச் சொன்னேன். மீசையைப் பிய்த்தேன். அந்த அம்மா திட்டவில்லை. “அப்ப அந்தத் தாள குடுத்துடுங்க. வேற யாருகிட்டயாவது குடுக்குறேன்” என்று கையை நீட்டினார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. “ஒரு நாள் பொறுங்கம்மா, நானே உள்ள வைக்கிறேன்” என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தபால் பிரிவில் வைத்தேன். முத்திரை விழுந்தது, எண் விழுந்தது. எண் விழுந்த காகிதத்துக்குக் கால் முளைக்கும். அது மேசை மேசையாக நடந்தது, பத்தொன்பதாம் நாள் மதகைச் சரிசெய்ய உத்தரவும் வந்தது. ஆனால் பலகை வருவதற்குள் வாட்ஸப்பில் வீடியோ வந்துவிட்டது. ‘கலெக்டர் ஆன பியூன்!’ யாரோ தலைப்பு வேறு போட்டிருந்தார்கள். மறுநாளே எனக்கு மெமோ. குற்றம் ஒன்று: அனுமதியின்றி நடித்தது. குற்றம் இரண்டு: உயர் அதிகாரியாக ஆள்மாறாட்டம் செய்து பொதுமக்களிடம் மனு வாங்கியது. மதகு உத்தரவும் விசாரணை முடியும் வரை நிறுத்தி வைக்கப்பட்டது.

கேளுங்கள் பெரியோர்களே! மனு வாங்காதவனுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு மெமோ உண்டா? இல்லை! வாசலில் மக்களை விரட்டியவனுக்கு ஒரு கேள்வி உண்டா? இல்லை! ஒரே ஒரு மனுவை வாங்கியவனுக்கு விசாரணை, விளக்கம், வேலையே போய்விடும் என்ற மிரட்டல்! இது எந்த ஊர் நியாயம்?

போன வெள்ளிக்கிழமை என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். இருபத்திரண்டு ஆண்டில் முதல் நாற்காலி.

“கபீர், உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. அந்தப் பேப்பர் நாடகத்துக்காகத் தயார் பண்ணுனது, தவறுதலா தபால்ல கலந்துடுச்சுன்னு. ஃபைல க்ளோஸ் பண்ணிடறேன். நடிக்கிறதுக்கும் பர்மிஷன் வாங்கித் தர்றேன். திங்கக்கிழம பத்து மணிக்குக் கொண்டாந்துடுங்க.”

எவ்வளவு அன்பு பாருங்கள்! வேலையும் நிலைக்கும், மேடையும் நிலைக்கும். ஓய்வூதியத்துக்கு ஐந்தே ஆண்டு. ஒரு வரி, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். அந்த ஒரு வரியில் என்ன சாகும்? பதினோரு பேருடைய கையெழுத்து சாகும். நிறுத்தி வைத்த உத்தரவு சாகும். குடத்தில் தண்ணீர் ஊற்றி வளர்த்த நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. இன்னும் பத்து நாளில் நடவில்லை என்றால் இந்த ஆண்டு சம்பா சாகும்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி தஹ்மீனா என் நாடகம் ஒன்றைக்கூட இதுவரை பார்த்ததில்லை. வேஷம் என்றாலே பிடிக்காது என்று சொல்கிறவள். எழுதிக் கொடு என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: “அந்தம்மா மறுபடி ஆபீசு வாசலுக்கு வந்தா என்ன சொல்லுவீங்க?”

எனக்குப் பாடமான பதில் ஒன்றே ஒன்றுதானே! ‘நாளைக்கு வாங்க.’

யாரோ பின்னால் “எழுதிக் குடுத்துடாத பாய்!” என்கிறார். நன்றி தம்பி. ஆனால் நீங்கள் சொல்வது எளிது, நாளைக்கு நிற்கப்போவது நான். பயமாக இருக்கிறது. கலெக்டராக நடிக்கும்போது வராத பயம்.

அம்மா அகிலாண்டம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்திருக்க வேண்டாம் அம்மா. எல்லோரும் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். பலபேர் முன்னால் உங்களைத் திருப்பி அனுப்பினேன், பலபேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிப்பது உங்கள் இஷ்டம்.

நாளைக் காலையில் கொடுக்கப்போகும் கடிதத்தை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஐந்தே வரி. படிக்கிறேன்.

‘ஐயா, அந்தத் தாள் நாடகத்துக்காகச் செய்தது அன்று, அது மனு. அதைக் கொடுத்தவர் நடிக்கவில்லை. நான் வாசலிலேயே வாங்கியிருக்க வேண்டியதை, ஐந்தாம் முறைதான் வாங்கினேன். தண்டனை அந்த நான்கு முறைக்கு என்றால் ஏற்கிறேன். ஐந்தாம் முறைக்கு என்றால் ஏற்க மாட்டேன்.’

என் பின்னால் ஊர்வலம் வராதீர்கள். கோஷம் போடாதீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். வீட்டில் எத்தனையோ மனு மடித்துக் கிடக்கிறதே, பட்டா மாறவில்லை, வாய்க்கால் தூர்வாரவில்லை, ரேஷன் அட்டை வரவில்லை என்று! அவற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். என்னை வீட்டுக்கு அனுப்புகிற உத்தரவு கைக்கு வரும் வரை அந்த வாசலில் நிற்கிறவன் நான்தான். கோட்டு இல்லை, மீசை இல்லை, வசனம் இல்லை. காக்கிச் சட்டையோடு, இரண்டு கையாலும், ஒவ்வொன்றாக வாங்குவேன். உள்ளே கொண்டுபோய் வைப்பேன். எண் விழாமல் வெளியே வரமாட்டேன்!

பேச விட்ட தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், கோபப்பட்டுக் கேட்ட அத்தனை பேருக்கும் நெஞ்சார்ந்த நன்றி சொல்லி, ஸலாம் கூறி, வணங்கி விடைபெறுகிறேன். நாளைக் காலை, பத்து மணிக்குச் சந்திப்போம்.