முதுகில் முளைத்த பழுப்புப் புள்ளிகள்

மனைவி: சட்டையைத் தூக்குங்கன்னா... வேர்த்திருக்கு, துடைச்சி விடுறேன்.

பெயிண்டர்: ஆஸ்பத்திரி வராண்டாவுலயா? நாலு பேர் பாக்குறாங்கடி.

மனைவி: பாத்தா பாக்கட்டும். வீட்டுக்கு வந்துட்டுப் போகலாம்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். வேலையிலேர்ந்து நேரா வந்து நிக்கிறீங்க.

பெயிண்டர்: அது சரி, துடைக்கிறவ துண்டை நுனி விரல்ல பிடிச்சா எப்படி? வெண்புள்ளி தொட்டா ஒட்டாதுன்னு சிஸ்டர் எத்தனை தடவை சொல்லியாச்சு.

மனைவி: ஒட்டும்னா சொன்னேன்? வலிக்குமோன்னு...

நர்ஸ்: பெயிண்டர் அண்ணே, உள்ள வாங்க. ரத்த ரிப்போர்ட் வந்திருச்சு.

மனைவி: சிஸ்டர், ஒரே நிமிஷம்...

பெயிண்டர்: நீ சும்மா இரு. சொல்லும்மா. சரியில்லேன்னா நிறம் வரும்னு இந்த லைட் பெட்டிக்குள்ள நிக்கிறதை இன்னியோட விட்டுடுறேன். வர்ற நாளெல்லாம் அரை நாள் கூலி போகுது.

நர்ஸ்: அவசரப்படாதீங்க. தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லை, உடம்போட காவல்படையே எதிரின்னு நினைச்சு அடிக்குதுன்னு சொன்னேன்ல? அந்த அடிதடியோட அடையாளம் போன தடவை ரத்தத்துல எகிறிக் கிடந்துச்சு. இப்ப இறங்கியிருக்கு.

பெயிண்டர்: அப்ப நிறம் வந்துருமா?

நர்ஸ்: சண்டை ஓயுதுன்னு மட்டும் வெச்சுக்கோங்க. நிறத்தை முதுகுதான் சொல்லணும். வெள்ளைக்கு நடுவுல பழுப்பா புள்ளி முளைக்கணும். திரும்புங்க... அடேயப்பா! இவ்வளவா!

பெயிண்டர்: ஆமாம்மா. இவதான் போட்டோ எடுத்து எடுத்துக் காட்டுவா.

மனைவி: போதும் சிஸ்டர், சட்டையை இறக்கி விடுறேன்.

நர்ஸ்: ஆனா இதென்ன... அளவெடுத்து வெச்ச மாதிரி வரிசையா... இருங்க, பஞ்சால துடைச்சுப் பாக்குறேன். அக்கா... பஞ்சு பழுப்பாகுதே!

மனைவி: புருவப் பென்சில் சிஸ்டர். இவரு பாதியில விட்டுடுவாரோன்னு... லைட்டுக்குக் கிளம்புறதுக்கு முந்தி வீட்டுலயே துடைச்சிடுவேன். சத்தியமா!

நர்ஸ்: நல்லவேளை. மேல பூச்சு இருந்தா வெளிச்சம் தோலுக்குப் போகாதுக்கா.

மனைவி: அப்ப ஒண்ணு விடாம துடைங்க.

நர்ஸ்: துடைச்சிட்டேன். இந்த மூணு மட்டும் போக மாட்டேங்குது.

மனைவி: அழுத்தித் தேய்ங்க!

நர்ஸ்: தேய்ச்சா தோல்தான் வரும். பாருங்க, முடி முளைக்கிற இடத்துல இருக்கு; நிறம் திரும்புறது அங்கேர்ந்துதான். இது பென்சில் இல்ல.

மனைவி: ஐயோ... அங்க நான் வைக்கவே இல்லியே! ஏங்க, கேட்டீங்களா? நிஜமாவே வந்திருக்குங்க!

பெயிண்டர்: கேட்டேன், கேட்டேன். கத்தாத.

மனைவி: ஏமாத்திட்டேன்னு கோவமா?

பெயிண்டர்: யாரை? நாளெல்லாம் சுவத்துக்கு பெயிண்ட் அடிக்கிறவனையா? மொத போட்டோவுலயே தெரிஞ்சு போச்சு, இது பூசினதுன்னு.

மனைவி: ராத்திரி நான் வரையறப்ப குறட்டை விட்டீங்களே!

பெயிண்டர்: குறட்டை விடறது என்ன, பெரிய வித்தையா?

நர்ஸ்: நல்ல ஜோடிதான் போங்க!

மனைவி: பொய்ப் புள்ளின்னு தெரிஞ்சுமா வந்துட்டிருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல...

பெயிண்டர்: சொன்னா வரையறதை நிறுத்தியிருப்ப. இந்த வெள்ளை வந்ததுலேர்ந்து, நீ என் முதுகுல கை வெச்சது அப்ப மட்டுந்தானே.