தெரிஞ்சோ தெரியாமலோ

— போதும் தக்ஷா, காலை விடு. இன்னைக்கு நீ என் காலைப் பிடிக்கக் கூடாது.

— ஏன், இன்னைக்கு மட்டும் காலுக்கு என்ன மவுசு? ஏழு நாளா பிடிச்சுவிட்டேன், அப்பல்லாம் சொகமா நீட்டிட்டுத்தானே இருந்தே?

— இன்னைக்கு சம்வத்ஸரிடி. மன்னிப்புக் கேக்கற நாள். கேக்க வேண்டியவ நானு, நீ என் காலைப் பிடிச்சா நல்லாவா இருக்கு?

— அம்மாடி, எங்கக்கா தருலதாபென்னுக்கு ஞானம் வந்துடுச்சு! எட்டு நாளா வெறும் தண்ணி. கால் தூணாட்டம் வீங்கிக் கெடக்கு. டாக்டர் பாத்தா உன்னை விட்டுட்டு என்னைத்தான் திட்டுவாரு. இந்தா, இதைக் குடி. பொழுது சாஞ்சுட்டா இதுவும் கிடையாது.

— காய்ச்சினதுதானே?

— காய்ச்சி, வடிகட்டி, ஆறவெச்சது. ஒரு பூச்சிகூடச் சாகலை. மெதுவாக் குடி.

— போன் அடிக்குது பாரு.

— உன் சின்ன நாத்தனார். தாமரைப் பூப் படம் போட்டு மிச்சாமி துக்கடம்னு அனுப்பியிருக்கா. காலையிலேருந்து இதே படம் முப்பது தடவை வந்தாச்சு. கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவன்கூட என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டான். அவன் நிஜமாவே கேக்க வேண்டியவன், அது வேற விஷயம்.

— சிரிக்க வைக்காதே தக்ஷு, வயிறு இழுக்குது.

— நீயும் இப்பவே கேட்டு முடிச்சுடேன். சாயங்காலம் உபாஸ்ரய மடத்துல அந்தக் கூட்டத்துல தலை சுத்தி விழணுமா? வருஷா வருஷம் சொல்றதுதானே. தெரிஞ்சோ தெரியாமலோ, மனசாலயோ வாக்காலயோ...

— நிறுத்து. இந்த வருஷம் அப்படிக் கேக்கப் போறதில்லை.

— பின்ன எப்படி?

— நேத்து பிரசங்கத்துல சாத்வி சொன்னாங்களே, காதுல விழுந்துச்சா? யாருக்கு என்ன செஞ்சியோ அதைப் பேர் சொல்லி, அவங்க மூஞ்சியைப் பாத்துக் கேக்கணும்னு. அதைச் செய்யாம வருஷம் பூரா பட்டினி கிடந்தாலும் அந்த வினை ஒட்டினது ஒட்டினதுதான்னாங்க. என்னைப் பாத்தே சொன்ன மாதிரி இருந்துச்சு.

— நானும் முன் வரிசையிலதான் உக்காந்திருந்தேன். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

— உனக்கென்னடி, நீ என்ன பாவம் பண்ணினே? இங்க பாரு, எனக்கு இனிமே இன்னொரு விரதம் கிடையாது. ஒரு கிட்னி சுருங்கிப் போச்சு, இன்னொண்ணும் பாதிதான்.

— தெரியும். ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்ததே நான்தானே. அதுக்கப்புறமும் விரதம் உக்காந்தே.

— உக்காராம? முப்பத்தோரு வருஷமா எதுக்கு உக்காந்திருக்கேன்னு நினைச்சே?

— எட்டாம் நாள் முடிஞ்சா மேளம் அடிச்சு ஊர்வலம் விடறாங்களே, அதுக்கு.

— கேலி பண்ணாதே. ரமணீக்கை ஞாபகம் இருக்கா?

— எந்த ரமணீக்?

— ஜாம்நகர் பையன். மருந்துக்கடை. உன்னைப் பெண் பாத்துட்டுப் போனானே.

— இருக்கு. சொல்லு.

— அவங்க வீட்டுலேருந்து அப்புறம் ஏன் சத்தமே இல்லை தெரியுமா? என்னாலதான். கோயில் வாசல்ல அவனோட அத்தையைப் பாத்தேன். எங்க தக்ஷாவுக்குச் சின்ன வயசுலேருந்து வலிப்பு வரும், மறைச்சுக் குடுக்க மனசு வரலைன்னேன். வாய் கூசாமச் சொன்னேன்டி.

— ஏன் சொன்னே?

— அப்பா பக்கவாதத்துல படுத்திருந்தாரு. நீ போயிட்டா அவரை என் வீட்டுக்குத்தான் கொண்டு போகணும். என் மாமியார் வாசப்படி ஏத்த மாட்டா.

— அவ்வளவுதானா?

— இல்லை. அப்பாவுக்குப் பீத்துணி மாத்த எனக்கு அருவருப்பா இருந்துச்சு. நீ மூஞ்சி சுளிக்காம மாத்தினே. சரி, இவளே மாத்தட்டும்னு விட்டுட்டேன். ஒன்பது வருஷம் மாத்தினே. அப்புறம் என் வீட்டுக்காரரும் போனாரு. வெக்கமில்லாம உன்கிட்டயே வந்து, நீ சுட்டுப் போடற ரொட்டியைத் தின்னுட்டு உக்காந்திருக்கேன். இந்நேரம் உனக்குப் பேரன் பேத்தி இருந்திருக்கும். நான் பாவிடி, மகா பாவி.

— அழாதே. உடம்புல தண்ணியே இல்லை.

— போகச் சொன்னா சூரத்துக்கு மகன்கிட்ட போயிடறேன். நாளைக்குக் காலையில உன் கையால பாசிப்பயறுத் தண்ணி வாங்கி விரதத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு தக்ஷு. மன்னிச்சேன்னு.

— எந்திரிக்காதே, விழுந்துடுவே. உக்காரு. எனக்கு இது தெரியும்க்கா.

— என்னது?

— அப்பவே தெரியும். ரெண்டு மாசம் கழிச்சு அவன் நான் வேலை பாத்த ஸ்கூலுக்கே வந்தான்.

— ரமணீக்கா?

— ஆமா. உங்க அக்கா இப்படிச் சொன்னாங்களாம், இருந்தா இருந்துட்டுப் போகுது, மருந்துக்கடைதானே வெச்சிருக்கேன், பாத்துக்கறேன்னான். நல்ல மனுஷன்.

— பகவானே! அப்புறம்?

— முடியாதுன்னு அனுப்பிட்டேன்.

— அப்பாவுக்காகவா?

— அப்படிச் சொன்னா எனக்குப் பெருமையா இருக்கும். இல்லை. எனக்குக் கல்யாணமே பிடிக்கலை. ஸ்கூல் வேலை, என் வீடு, என் சாவி என் இடுப்புல. நீ சொன்ன பொய் எனக்குச் சௌகரியமாப் போச்சு.

— அப்ப உன் வாழ்க்கையை நான் கெடுக்கலையா?

— இல்லை.

— இதை ஏன்டி என்கிட்டச் சொல்லலை?

— அந்த வருஷம் நீ முதல் தடவையா எட்டு நாள் உக்காந்தே. எதுக்குன்னு ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியும். நல்லா வேணும், கிடக்கட்டும்னு நினைச்சேன். அடுத்த வருஷமும் அதையேதான் நினைச்சேன். கோபம் ஆறினப்போ, இத்தனை நாள் சொல்லலையேன்னு வெக்கம் வந்துடுச்சு. வருஷா வருஷம் நீ மன்னிச்சுடுன்னு கேப்பே, நானும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சேன்னு சொல்லிடுவேன்.

— ஐயோ தக்ஷு...

— இரு, முழுசாக் கேளு. பேர் சொல்லித்தான் மன்னிப்புக் கேக்கணும்னியே, இப்ப நான் கேக்கறேன். உன் ரிப்போர்ட் வந்துச்சே, அன்னைக்கு உண்மை வாய் வரைக்கும் வந்துச்சு. நீ இந்த வருஷமும் உக்காரப் போறேன்னே. நான் ஒண்ணும் சொல்லாம உள்ள போய், உனக்குத் தண்ணி காய்ச்ச அடுப்பைப் பத்தவெச்சேன்.